சுவரில் மாட்டிய ஆடுகள்

என் தங்கை அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் சின்னக் குழந்தைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறாள். அ, ஆ எல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். இவள் செய்வது வேறு. வா, போ, நில், பார், இது, அது, இங்கே, அங்கே என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கண்ணில் படுகிற சொற்களை, எழுத்துக் கூட்டாமல், முகத்தைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துகொள்வதுபோலப் பார்த்த மாத்திரத்தில் படிக்கப் பழக்குகிறாள். ஒரு படம் வரைய வேண்டும். அதன் கீழே சொல்லை எழுத வேண்டும். மறுநாள் அதையே எடுத்துப் பார்க்க வேண்டும். பாடம் இவ்வளவுதான்.

நான் சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடங்கள் இருந்தவள். தலைப்பைச் சுருக்குவதும் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுவதும் என் பிழைப்பு. இப்போது செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, வீட்டிலிருந்தே அதே வேலையைக் கணினியில் செய்கிறேன். சாயங்காலமானால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன். வகுப்புக்கு நான்தான் ஆலோசகர் என்று தங்கை எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். நடைமுறையில் நான் பென்சில் சீவினேன்.

படங்களை நானே எடுத்துத் தருகிறேன் என்று முதலில் முன்வந்தது ஆலோசகர் என்ற முறையில்தான். செல்போனில் ஊரைப் படம் பிடித்தேன். நாய், ஆடு, குடம், வீடு, மரம். ஜெராக்ஸ் கடையில் கலரில் அச்செடுத்து, ஒவ்வொன்றின் கீழும் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டேன். ஒரு படக்குறிப்பு இதைவிடச் சுருக்கமாக இருக்க முடியாது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் நாள் நாய் அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"இது பஸ் ஸ்டாப் நாய்," என்றான் ஒருவன்.

"சரி. கீழ இன்னா எழுதியிருக்கு, படி."

"பஸ் ஸ்டாப் நாய்."

"அவ்ளோ எழுதலையே. ஒரே ஒரு வார்த்தைதானே இருக்கு."

அவன் யோசித்துவிட்டு, "லூசு," என்றான். அந்த நாய் லூசு என்பது எல்லோருக்கும் தெரியுமாம். எழுத்திலும் அதைத்தான் போட்டிருப்பார்கள் என்பது அவனுடைய முடிவு.

குடத்தின் படத்தைக் காட்டினால், அது குடம் இல்லை, குடம் நீலமாக இருக்கும், எங்கள் வீட்டில் இருக்கிறது என்றாள் ஒரு பெண். வீட்டின் படத்தைக் காட்டியதும் எல்லோரும் சேர்ந்து, "டீச்சர் வூடு" என்று கத்தினார்கள். நான் எடுத்தது தங்கை வீட்டைத்தான். ஆட்டின் படம் இன்னும் மோசம். அந்த ஆடு யாருடையது, எத்தனை குட்டி போட்டது, போன மாதம் யார் வீட்டு வெங்காயத்தைத் தின்றது என்று விசாரணை நெடுநேரம் ஓடியது. கீழே இருந்த சொல்லை ஒருவரும் பார்க்கவில்லை. அதில் எனக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பத்திரிகை வாங்குகிற பெரியவர்களும் படத்தைப் பார்ப்பார்கள், கீழே இருக்கும் வரியைப் பார்க்க மாட்டார்கள். அந்த வரிக்காகச் சம்பளம் வாங்கியவள் என்பதால் இந்த உண்மையை நான் அலுவலகத்தில் சொன்னதில்லை.

"அக்கா, உன் போட்டோவுல விசயம் ஜாஸ்தி," என்றாள் தங்கை. "பசங்களே வரையட்டும். அப்பத்தான் கம்மியா இருக்கும்."

அப்படித்தான் குழந்தைகள் வரையத் தொடங்கினார்கள். ஆடுகளும் அப்போதுதான் வந்தன.

பாதைக்கு எதிர்ப்புறம் ஒரு டிபன் கடை. அதை நடத்துகிற அம்மாவின் மகள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். ஐந்து வயது. அவளுக்கு ஆடு மட்டும் வரையத் தெரியும். ஆனால் ஆட்டை நன்றாக வரைவாள். 'வா' என்ற சொல்லுக்கு நம்மைப் பார்த்து வருகிற ஆடு. 'நில்' என்பதற்கு நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மறுக்கிற ஆடு. 'பார்' என்பதற்கு முகம் முழுக்கக் கண்ணாக ஒரு ஆடு. 'உட்கார்' என்பதற்குக் காலை மடக்கி, பின்னால் திண்டு போட்டதுபோல் சாய்ந்திருக்கும் ஆடு. 'இங்கே' என்பதற்கு ஒரு மரத்தடியில் ஆடு, அதன் தலைக்கு மேல் ஒரு அம்புக்குறி. 'போ' என்பதற்கு அவள் வரைந்தது ஆட்டின் பின்பக்கம். அதில் அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. தங்கை அதைப் பார்த்துவிட்டு, பாராட்டி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

சிக்கல் என்னவென்றால், அவள் படிப்பதும் ஆட்டைத்தான். அட்டையைக் காட்டினால் டக்கென்று சொல்வாள். ஆட்டின் மேல் கையை வைத்து மறைத்துவிட்டு எழுத்தைக் காட்டினால், "கைய எடுங்க, தெரியல," என்பாள்.

இது அவள் அம்மாவுக்கும் தெரிந்துபோனது.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண நாட்களில் காலை இட்லி, சாயங்காலம் போண்டா. பௌர்ணமி அன்று கடைக்கு முன்னால் பந்தல் போட்டு, வாடகை பெஞ்சுகளை இறக்கி, ஊரிலிருந்து அண்ணன் தம்பிகளை வரவழைத்து, ஒரு கல்யாண வீட்டை நடத்துவதுபோல் நடத்துவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அந்தத் தெருவில் எந்தக் கேஸ் ஏஜென்சி, எந்த டாக்டர், எந்தத் தையல்காரர் என்பதை அவர்தான் முடிவு செய்வார். மற்ற அம்மாக்கள் பின்னால் போவார்கள். எந்த வகுப்பு என்பதும் அப்படித்தான்.

ஒருநாள் அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், பின்தெரு டியூசன்ல பசங்க படிக்கிற சத்தம் எங்க கடை வரைக்கும் வருது. உங்க வூட்லேர்ந்து ஒரு சத்தமும் வர்லயே. பசங்கள தூங்க வெக்கிறீங்களா?"

"எழுதினு இருக்காங்க," என்றாள் தங்கை.

"எழுதறதா, ஆடு வரையறதா?"

"ரெண்டும்தாங்க."

"எம் பொண்ணு வூட்டுக்கு வந்து செவுரெல்லாம் ஆடு வரையுது. எங்க மாமியாரு, இன்னாடி இது பட்டியா, வூடான்னு கேக்குறாங்க. ஒரு வார்த்தை படிடின்னா, ஆடு எங்கன்னு கேக்குது."

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் குறையா சொல்லல. நீங்க பசங்கள அடிக்கிறதில்ல, திட்டறதில்ல, அது சரி. வர்ற பௌர்ணமி வேலை முடியட்டும். அதுக்குள்ள அது ஒரே ஒரு வார்த்தை ஆடு இல்லாம படிக்கட்டும். இல்லன்னா பின்தெருவுல சேத்துடறேன். கோச்சிக்காதீங்க."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. ஆனால் அந்தச் சிறுமி போனால் மற்ற குழந்தைகளும் போய்விடுவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தங்கை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். மூன்று வயதுக் குழந்தைகளைக் கையைக் கட்டி உட்கார வைத்துக் கோரஸாகக் கத்த வைக்கச் சொன்னார்கள் என்று அதை விட்டாள். கீழ்பென்னாத்தூரில் எங்கள் அப்பா, "நெலக்கடலை காயப்போடறதுக்காவது வா," என்று அவளை ஊருக்கே அழைத்தார். போகவில்லை. இந்த முன்னறையும் தரையில் உட்கார்ந்து வரைகிற அந்தக் கூட்டமும்தான் அவளுக்கு எல்லாம். அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. எல்லா அம்மாக்களும் பந்தல் போட, கடை விரிக்கப் பாதைக்கு வருவார்கள். குழந்தைகள் எழுதியதை வெளிச் சுவரில் மாட்டினால் எல்லோர் கண்ணிலும் படும். இங்கே நடப்பது தூக்கம் இல்லை என்று தெரியும்.

"உன் வேலைதானே அக்கா. எது எங்க மாட்டணும்னு சொல்லு."

நான் சொன்னேன். முதல் பக்கத்துக்கான விதிகள்தான். பெரிய எழுத்து. ஒரு அட்டைக்கு ஒரு சொல். கண் மட்டத்தில் இருக்க வேண்டும். நடந்து போகிறவர் படிக்கிற மாதிரி இடைவெளி விட வேண்டும். மஞ்சள் சார்ட்டில் சிவப்பு எழுத்து என்றால் தூரத்திலிருந்தே தெரியும். அட்டைகளைப் பெரிதாக, புதிதாகச் செய்யச் சொன்னோம். தங்கை பென்சிலில் புள்ளி வைத்துக் கொடுக்க, குழந்தைகள் அதன்மேல் மார்க்கரால் எழுதிப் படமும் வரைந்தார்கள். டிபன் கடை அம்மாவின் மகள் செய்தவை கேட்டுக்குப் பக்கத்தில், பாதையைப் பார்த்த சுவரில். மற்றவர்களுடையவை சந்துப் பக்கச் சுவரில். யாருடைய படம் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்பதை நாங்கள் பத்திரிகையிலும் ஏறக்குறைய இப்படித்தான் தீர்மானித்தோம்.

ஆக, பாதையில் வருகிறவர் பார்வையில் வரிசையாக இருந்தவை இவை: நில். பார். இங்கே. உட்கார். வா. ஒவ்வொன்றிலும் ஒரு ஆடு.

அந்தப் பௌர்ணமிக்குத் திதி காலையிலேயே தொடங்கிவிட்டதால் மதியத்திலிருந்தே கூட்டம். நான் பிற்பகலில் நடந்தே தங்கை வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு ஸ்கூட்டி ஓடாது. கிரிவலப் பாதையில் நடக்கிறவர்களை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். வெறுங்காலோடு, வியர்வையோடு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார்கள். ஓரளவு தூரம் கடந்த பிறகு யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். செருப்பை இங்கே விடவும் என்றால் விடுவார்கள். இடதுபுறம் செல்லவும் என்றால் செல்வார்கள். பலகையை யார் வைத்தது என்று யாரும் கேட்பதில்லை. மஞ்சளில் சிவப்பு எழுத்து இருந்தால் அது சொல்வதைச் செய்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை வீட்டு வாசலில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. பேச்சைக் கேட்டால் ஈரோட்டுப் பக்கம்.

"ஏனுங்க, இங்க நிக்கோணுமுங்களா?" என்று மனைவி கேட்டார்.

"போட்ருக்குதில்ல. நில்லு," என்றார் கணவர்.

நின்றார்கள். பிறகு ஓரடி தள்ளி 'பார்' என்று இருந்தது. பார்த்தார்கள். வீட்டுக்குப் பின்னால்தான் மலை. தலையை நிமிர்த்தினால் முழுதாகத் தெரியும். ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த அம்மா கும்பிட்டு முடித்துக் கண்ணைத் திறந்தபோது, எதிரே முகம் முழுக்கக் கண்ணாக ஓர் ஆடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுருக்குப் பையைத் திறந்து கொஞ்சம் குங்குமம் எடுத்து அதன் நெற்றியில் வைத்தார்.

பின்னால் வந்தவர்கள் ஒரு குங்குமப் பொட்டைப் பார்த்தார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு முன்னால் வரிசை உண்டாகிவிட்டது. 'நில்' அட்டையில் நின்று, 'பார்' அட்டையில் மலையைப் பார்த்து, ஆட்டுக்கு விபூதி பூசி, மிச்சத்தைத் தங்கள் நெற்றியில் இட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். சரியாகச் சொன்னால் நகரவில்லை. அடுத்து 'இங்கே' என்றும் 'உட்கார்' என்றும் இருந்தது. கால் வலியோடு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பலகை கிரிவலப் பாதையிலேயே கிடையாது. சுவர் ஓரமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ ஒருவர் ஓர் அகல் விளக்கை வைத்தார். யாரோ ஒருவர் சூடம் ஏற்றினார்.

தங்கை கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து, வரிசையைப் பார்த்து அப்படியே நின்றாள். ஒரு பெண் அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"இது எந்த லிங்கம்ங்க? அஷ்டலிங்க லிஸ்ட்ல இல்லையே."

"லிங்கம் இல்லைங்க. இது சின்னப் பசங்க வரைஞ்சது."

"அதான பாத்தேன். பசங்க ரூபத்துலதான் வருவாரு," என்று அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சென்னையிலிருந்து வந்தவர்போல் இருந்த ஒருவர், பனியன் துணியில் ஆங்கில எழுத்து போட்ட சட்டைக்காரர், தன் கூட வந்தவர்களுக்கு இந்த இடத்தின் கதையையே சொல்லிக்கொண்டிருந்தார். முன்னொரு காலத்தில் ஒரு ஆடு மேய்ச்சலுக்காகத் தெரியாமலேயே மலையைச் சுற்றிவிட்டதாம். அதற்கு முக்தி கிடைத்த இடம் இதுவாம். நான் அருகில் போய், "சார், இதை எங்க படிச்சீங்க?" என்று கேட்டேன். பழைய வழக்கம். ஆதாரம் கேட்காமல் எனக்கு இருக்க முடியாது.

"படிக்கலைங்க. இது இங்க எல்லாருக்கும் தெரியும்," என்றார். "நீங்க வெளியூரா?"

பந்தோபஸ்துக்கு நின்ற ஒரு கான்ஸ்டபிள் நெரிசலைப் பார்த்துவிட்டு வந்தார். நான் நிம்மதி அடைந்தேன். அவர் முதலில் 'நில்' அட்டைக்கு எதிரே தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். பார்த்தார். பொட்டு வைத்துக்கொண்டார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, "பாத்தவங்க நகருங்க, நகருங்க. உக்கார்றவங்க அந்தப் பக்கமா உக்காருங்க," என்று விசில் ஊதினார்.

தங்கைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அக்கா, கழட்டிடலாம்," என்று கையை நீட்டினாள். உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தடுத்தார்.

"எடுக்காதம்மா. பொட்டு வெச்சாச்சு இல்ல."

பொட்டு வைத்த பிறகு ஒரு பொருளைக் கழற்றுவது பெரிய வேலை. கழற்றுவதற்கும் நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார். நாங்கள் பின்வாங்கினோம்.

அப்போதுதான் எதிர்ப்புறத்தைப் பார்த்தேன். பந்தலின் கீழ் வாடகை பெஞ்சுகள் காலியாக இருந்தன. இட்லிக் குண்டானிலிருந்து ஆவி மட்டும் போய்க்கொண்டிருந்தது. கால் வலிக்காரர்கள் எல்லோரும் எங்கள் சுவரடியில் இலவசமாக உட்கார்ந்திருக்கும்போது பெஞ்சுக்கு யார் போவார்கள். டிபன் கடை அம்மா கரண்டியோடு வெளியே வந்து, இந்தப் பக்கம் பார்த்து, கரண்டியை வைத்துவிட்டு, பாதையைக் கடந்து வந்தார்.

"முடிஞ்சுது," என்றாள் தங்கை என் காதோரம். "ஒரு வார்த்தை படிக்கிற வரைக்கும்கூட நிக்க மாட்டாங்க, இப்பவே பொண்ண கூட்டினு போயிடுவாங்க."

அந்த அம்மா எங்களைத் தாண்டிப் போனார். வரிசையைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். சுவரில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். 'உட்கார்' அட்டைக்கு எதிரே நின்றார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் அந்த அட்டையை ஆணியிலிருந்து எடுத்தார். பூசைத் தட்டைத் தூக்குவதுபோல நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு திரும்பினார்.

நாள் நட்சத்திரம் சொன்ன பெரியவரே முதலில் அசைந்தார். எழுந்து வழிவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். கான்ஸ்டபிள் பாதையில் வருகிற கூட்டத்தைக் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த அம்மா குறுக்கே நடந்து போய், பந்தக்கால் ஒன்றில், பெஞ்சுக்கு மேலே, அட்டையைக் கயிற்றால் கட்டினார். பின்னாலேயே போன கூட்டம் பெஞ்சில் உட்கார்ந்தது. உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் இலை போடப்பட்டது. இலை போட்ட பிறகு யாருக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் கேட்டில் தொங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள் அவருடைய மகள். தன் ஆடு ஊர்வலம் போனதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது என்பதுபோல முகம்.

சாம்பார் வாளியைத் தூக்கியபடி அங்கிருந்தே அம்மா குரல் கொடுத்தார். "ஏய், அந்த 'வா'வையும் எடுத்தாடி. இந்தப் பக்கம் கட்டிடலாம்."

அவள் கேட்டிலிருந்து குதித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். சுவருக்கு எதிரே போய் நின்றதும்தான் எனக்கு உறைத்தது. அங்கே ஆடு எதுவும் இல்லை.

வரைந்த ஆடுகள் எல்லாவற்றின் மேலும் மதியத்திலிருந்து விபூதியும் குங்குமமும் சந்தனமும் ஏறியிருந்தன. எல்லா அட்டையிலும் ஒரே மாதிரி வெள்ளையும் சிவப்புமாக ஒரு திட்டு. காதில்லை, கொம்பில்லை, கண்ணில்லை. கீழே எழுத்து மட்டும் சுத்தமாக இருந்தது. எழுத்துக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை.

தங்கையும் அதைப் பார்த்துவிட்டாள். என் தோளை அழுத்திப் பிடித்தாள். "பேசாத அக்கா. உதவி பண்ணிடாத," என்றாள்.

அந்தச் சிறுமி முதல் அட்டைக்கு எதிரே நின்றாள். நகர்ந்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். நகர்ந்தாள். 'இங்கே' அட்டையின் எதிரே வந்து, விபூதித் திட்டை விரலால் தொட்டு, அந்த விரலை நக்கிப் பார்த்தாள். அப்புறம் கடைசி அட்டையை எட்டிப் பிடித்து இழுத்தாள். ஆணி சேர்ந்து வந்தது.

'வா'.

"எப்புடிடா கண்ணு தெரிஞ்சுது?" என்று தங்கை குனிந்து கேட்டாள்.

"இதுதான் சின்னது," என்றாள் அவள், இவ்வளவும் தெரியாதா என்பதுபோல்.

தங்கை என்னைப் பார்த்தாள். ஒரு பழைய செய்தி ஆசிரியை என்ற முறையில் இந்த ஆதாரம் போதாது என்று எனக்குத் தோன்றியது. சின்னதை எடுத்துவிட்டாள் என்றுதானே இதுவரை தெரிகிறது. அதைச் சொல்வதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் தங்கை மற்ற மூன்று அட்டைகளையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. வாசலில் யாருமே இல்லை. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

நாங்கள் மூவரும் பாதையைக் கடந்தோம். பந்தலுக்குள் பேச்சும் இலைச் சத்தமுமாக இருந்தது. தங்கை நேராக அந்த அம்மாவின் எதிரே போய் நின்று, 'இங்கே' அட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

"அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு."

"டீச்சர், வேலையா இருக்கேன்," என்றார் அந்த அம்மா.

"இங்கே," என்றாள் மகள்.

தங்கை அடுத்ததைக் காட்டினாள்.

"பார்." அடுத்தது. "நில். அம்மா, எனக்கு வடை."

அந்த அம்மா வாளியைக் கீழே வைத்தார். அட்டைகளை வாங்கி, ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். விபூதிக்குக் கீழே எங்கேயாவது ஆட்டுக் கால் தெரிகிறதா என்று தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. எதுவும் தெரியவில்லை. வரிசையை மாற்றி மறுபடி காட்டினார். பதில் மாறவில்லை, வடை மட்டும் ரெண்டாகியிருந்தது.

"எழுத்துக் கூட்டவே இல்லையே," என்றார் தங்கையிடம்.

"இல்லைங்க. பாத்துட்டுச் சொல்லுது."

"என்னைப் பாத்ததும், நான் யாருன்னு சொல்ற மாதிரியா?"

"அதேதாங்க."

"என் மூஞ்சிய மட்டும் அது எழுத்துக் கூட்டியா தெரிஞ்சிக்கிச்சு," என்று அந்த அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "நின்னுனே இருக்கீங்களே, எழுதியிருக்கு இல்ல, உக்காருங்க," என்றார். உட்கார்ந்தோம். இலை வந்தது. முடிவு என்ன என்று அவர் சொல்லவில்லை. தங்கை கேட்கவும் இல்லை. இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

முடிவு மறுநாள் காலை வந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரங்களைக் குழாயடியில் போட்டுவிட்டு அந்த அம்மா வாசலுக்கு வந்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு அம்மாக்கள், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வதற்காக.

"எம் பொண்ணு இங்கயே வரட்டும் டீச்சர்," என்றார். பின்னால் இருந்த இருவரும் உடனே தலையை ஆட்டினார்கள். "ஆனா ஒண்ணு. தின்னுட்டுத் தட்டையும் எலையையும் அங்கங்க போட்டுட்டுப் போறாங்க. கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. நேத்துதான் பாத்தேனே, வாயால சொன்னா ஒருத்தரும் கேக்கறதில்ல, எழுதி வெச்சா போலீசே கேக்குறாரு. 'தட்டு இங்கே வை'ன்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க. அடுத்த பௌர்ணமிக்குள்ள வந்துடுமா?"

"'இங்கே' வந்துடுச்சுங்க," என்றாள் தங்கை. குரலை அடக்கிக்கொண்டுதான் பேசினாள். "இன்னும் ரெண்டு வார்த்தைதான்."

"அப்ப சரி. மஞ்ச அட்டையிலயே எழுதச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே தங்கை 'தட்டு' என்ற சொல்லை எடுத்தாள். குழந்தைகள் தரையில் கவிழ்ந்து படுத்து வரையத் தொடங்கினார்கள். ஒருவன் தட்டில் கோழிக்கால் வரைந்தான். ஒருத்தி தட்டு நிறையப் பூரி வரைந்து, பக்கத்தில் இருந்தவனுக்குத் தர மாட்டேன் என்று கையால் மறைத்துக்கொண்டாள். டிபன் கடை அம்மாவின் மகள் ஒரு பெரிய வட்டம் போட்டாள். உள்ளே ஒன்றும் இல்லை. கீழே புள்ளிகளின் மேல் சொல்லை எழுதி முடித்து, பென்சிலைச் சீவச் சொல்லி என்னிடம் நீட்டினாள்.

"தட்டுல ஒண்ணையும் காணோமே," என்றேன்.

"துன்னுட்டாங்க," என்றாள்.